கோயிலிலிருந்து மூன்று தள்ளி

“மேபல் அக்கா வூட்டுப் பின்னுக்கு கானுல சேத்துத் தண்ணி வருது புள்ள...” என்றான் யுகேஷ். அதற்குமேல் டிலானிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கர்ரென்று ஓர் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. அவள் திரும்பத் திரும்ப போன் எடுத்துப் பார்த்தாள். இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழிகளிலும் மரியாதையாகச் சொன்னார்கள்.

மணி இரண்டேகால். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை செய்யும் இடம். தகரக் கூரையில் மூன்றாவது நாளாக மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஹேவாஹெட்டப் பக்கத்து மலையில் அவள் பிறந்த தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் மூன்றாவதில், மேபல் அக்காவின் காம்பரா அறையில் அவளுடைய அப்பா சின்னமுத்து கட்டிலில் கிடந்தார். தேயிலை மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரம் ஆகிறது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினால்தான் மனிதர் இடம் மாறுவார்.

அவரை அந்தக் காம்பராவில் கொண்டுபோய்ப் போடச் சொன்னது வேறு யாருமில்லை, டிலானிதான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தோட்டத்தில் ஏழு லயங்கள். கோயிலை அடுத்து ஆரம்பித்து, மலைச்சரிவின் அடியில் ஒரே வரிசையாகப் போகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் மண் சரிந்து ஒரு லயமே காணாமல் போனபிறகு, டிலானியும் அவளுடைய முதலாளி நபீலும் ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் மேலே சரிவு மண்ணில் அடித்த ஒரு முளை. மண் நகர்ந்தால் முளையும் நகரும், எத்தனை மில்லிமீட்டர் என்று கோயில் கூரையில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதை எஸ்.எம்.எஸ். ஆக டிலானிக்கும் யுகேஷுக்கும் அனுப்பும். அபாயம் என்றால் கூரையில் கட்டிய ஹோர்னையும் ஊதும். யுகேஷ் அவளுடைய பெரியப்பா மகன், தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கிறவன். முளைகளை அடித்து, ஒவ்வொன்றிலும் நம்பர் வைத்தவன் அவன். பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை சி மொழியில் எழுதியவள் இவள்.

அன்று காலை பத்தரைக்கு வந்த செய்தியில், நாலாம் லயம் முப்பத்தொரு மில்லிமீட்டர் என்றிருந்தது. இருபதைத் தாண்டினால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நாலாம் லயம் அவள் அப்பா இருக்கும் லயம். மூன்றாம் லயத்துக்கோ வெறும் இரண்டு.

டிலானி உடனே யுகேஷை அழைத்தாள். “அண்ணே, நாலாம் லயத்த காலி பண்ணுங்க. அப்பாவ ரொம்ப தூரம் தூக்காதீங்க, வலி தாங்க மாட்டாரு. பக்கத்து லயத்துல மேபல் அக்கா வூட்ல போடுங்க. அங்க ரெண்டுதான் காட்டுது, பயமில்ல” என்றாள். அவள் சொன்னால் யுகேஷுக்கு மறுபேச்சு ஏது? நாலாம் லயத்துச் சனம் முழுக்க மூன்றாம் லயத்தில் போய் ஒதுங்கியது. மேபல் அக்கா மாதாவைக் கும்பிடும் வேதக்காரப் பெண், வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரியாதவள். மகள் அஷ்வினியின் கட்டிலையே அப்பாவுக்கு விட்டுக் கொடுத்திருந்தாள்.

இப்போது அந்த வீட்டுப் பின்னால் இருக்கும் வடிகாலில்தான் சேற்றுத் தண்ணீர் வருகிறது.

டிலானி இரண்டு மணிச் செய்தியை எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் லயம் அதே இரண்டு. நாலாம் லயம் முப்பத்தெட்டு. அசையாத மண்ணிலிருந்து சேறு எப்படி வரும்? மழைத் தண்ணீர்தானே, கலங்கித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் அதே செய்தியைத் திறந்தாள்.

“என்ன டிலானி, மொகமெல்லாம் வெளுத்தீக்கி?” என்று கேட்டபடி நபீல் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். அக்குறணைக்காரர், அவளுக்கு ‘நானா’, அதாவது அண்ணன் மாதிரி. கம்பியும் ஈயமும் என்றால் உயிர், புரோகிராம் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் திரையில் இருந்த நாற்பது நாள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு முதல் வரியில் விரலை வைத்தார்.

“இங்க பாருங்க. முதலாம் லயம் மட்டும் ஏன் எந்த நாளும் சைபராவே ஈக்கி?”

“அது கோயிலுக்குப் பக்கத்துல, கல்லு நெலம் நானா.”

“கல்லெண்டா? நாப்பது நாளைக்கு ஒரு மில்லி சரி காட்டோணுமே. எங்கட முளை அவ்வளவு நல்ல சாமான் இல்லயே, நான்தானே செஞ்ச. அது செத்துப்போச்சோ தெரியா.”

டிலானி பெட்டிக்கு ஒரு கட்டளை அனுப்பினாள். எத்தனை முளைகள் பேசுகின்றன? ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஏழு. ஏழும் உயிரோடிருக்கின்றன, கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஏழும் பேசியிருக்கின்றன.

அவளுக்குச் சுரீரென்றது. அளவுகளை வாங்கி வைக்க அவள் ஏழு இடங்கள் கொண்ட வரிசை ஒன்று வைத்திருந்தாள். ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் பூச்சியம் போட்டிருந்தாள். முதல் இடத்தில் அந்தப் பூச்சியம் இன்னும் அப்படியே நிற்கிறது என்றால், அங்கே யாரும் எதுவும் எழுதவேயில்லை. ஏழு பேர் வந்திருக்கிறார்கள், ஏழு கதிரை போட்டிருக்கிறது, முதல் கதிரை காலி. அப்படியென்றால் ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

“நம்பர்...” என்றாள். “அண்ணன் முளைக்கெல்லாம் என்னா நம்பர் வச்சாரு?”

இதைச் சொல்ல வேண்டுமென்றால் டிலானியின் பெருமையையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் வினையே அதில்தான் இருந்தது. கண்டி டவுனில் கம்ப்யூட்டர் படித்த காலத்தில் இந்தப் பாயிண்டர் என்ற சங்கதி அவளைப் படாதபாடு படுத்தியது. பாடம் சொல்லித் தரும் சேர் பலகையில் ஒரு நட்சத்திரம் போடுவார், p கூட்டல் i என்று எழுதுவார், வகுப்பே தலையாட்டும், இவள் மட்டும் முழிப்பாள். ஒருநாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஒரு பொம்பிளை யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்: “கோயில்ல இருந்து மூணு லயம் தள்ளி வாங்க.” அட, இவ்வளவுதானா என்று இவளுக்குப் பொறி தட்டியது. பாயிண்டர் என்பது கோயில். கூட்டல் என்பது தள்ளி. மூன்று தள்ளி என்றால் மூன்று அடி இல்லை, மூன்று முழு லயம். ஒரு தாண்டலுக்கு எவ்வளவு நீளம் என்பதை நாம் பெருக்கிச் சொல்ல வேண்டியதில்லை, இன்ன சாமானின் வரிசை என்று தெரிந்தால் பாயிண்டரே அதற்கேற்பத் தாண்டும். அன்றிலிருந்து அவள் யாரைக் கண்டாலும் இந்தத் ‘தள்ளி’யைச் சொல்லிக் கொடுத்தாள். கேட்காதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

முளைக்கு நம்பர் வைக்கும்போது யுகேஷுக்கும் அதையேதான் சொன்னாள். “ஆரம்பத்துல இருந்து எத்தன லயம் தள்ளி இருக்குன்னு பாத்து, அந்த நம்பர வைங்க அண்ணே.”

அவளுக்கு ஆரம்பம் என்றால் முதலாம் லயம். சி மொழியில் அப்படித்தான். வரிசையின் ஆரம்பமும் அதன் முதல் ஆளும் ஒரே இடம், முதல் ஆள் ஆரம்பத்திலிருந்து பூச்சியம் தள்ளி. ஆகவே ஏழு லயத்துக்கும் பூச்சியம் முதல் ஆறு வரை வரும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் ஆரம்பம் என்றால் கோயில். தபால்காரருக்கும் கோயில், அம்புலன்ஸ்காரனுக்கும் கோயில். கோயிலிலிருந்து முதலாம் லயம் ஒன்று தள்ளி. யுகேஷ் ஒன்று முதல் ஏழு வரை வைத்திருப்பான். அவளாவது திரும்பக் கேட்டாளா? கேட்கவில்லை. தன் உவமை அவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்குக் கேட்பது!

“இருக்கட்டும், சும்மா பயப்படாதீங்க. எப்படி நிச்சயப்படுத்தற?” என்றார் நபீல்.

“நெனவகத்த அப்படியே அனுப்பச் சொல்றேன்.”

கட்டளை போயிற்று. பதில் வரும்வரை அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு யுகேஷின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். அதே மரியாதையான குரல். லயங்கள் பள்ளத்தில் இருக்கின்றன, காற்றடித்தால் சிக்னல் செத்துப்போகும். கோயில் மட்டும் மேட்டில், கூரையில் ஏரியலோடு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது.

பெட்டியின் பதில் நீளமான எண் கூட்டமாக வந்தது. ஒரு அளவுக்கு நான்கு பைட். அவள் நான்கு நான்காகக் கோடு கிழித்துப் பிரித்தாள். முதல் இடம், பூச்சியம். இரண்டாவது, ஒன்று. மூன்றாவது, இரண்டு. நான்காவது, நாற்பத்தொன்று. பிறகு மூன்று, ஒன்று, இரண்டு. ஏழும் முடிந்தது. எட்டாவது இடம் வரிசையைச் சேர்ந்ததே அல்ல. அபாய எல்லையான இருபதை அவள் அங்கேதான் வைத்திருந்தாள்.

அங்கே இருபது இல்லை. ஒன்று இருந்தது.

“அடிப்பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு யாரையும் அல்ல, தன்னைத்தான். ஏழாம் லயத்து முளையின் அளவு, ஏழு தள்ளிப் போய், எல்லையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த சி இருக்கிறதே, ஏழு இடம் உள்ள வரிசையில் எட்டாவதைக் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜென்மம். எண்ணிக்கொண்டே போகும், அங்கே யாருடைய கதவு இருக்கிறதோ அதைத் திறந்து சாமானைப் போட்டுவிட்டு வரும். போன மாதம் மூன்று வெயில் நாட்களில் ஹோர்ன் தானாக ஊதி, சனங்கள் பிள்ளை குட்டியோடு ஓடி, கடைசியில் சிரித்துவிட்டு, இந்தச் சனியனை நிறுத்து என்று சொன்னார்களே, அதற்கும் காரணம் இதுதான். எல்லை இருபதுக்குப் பதில் ஒன்று அல்லது பூச்சியம் என்று கிடந்தால் ஒரு கொசு உட்கார்ந்தாலும் ஊதத்தானே செய்யும். ஈரம் பட்டிருக்கும் என்று சொல்லி, பெட்டிக்குப் பொலித்தீன் சுற்றச் சொன்னாள் இந்தக் கெட்டிக்காரி. தானாக ஊதுவதையும் நிறுத்தி வைத்தாள்.

அதெல்லாம் போகட்டும். நான்காவது இடம் என்பது ஆரம்பத்திலிருந்து மூன்று தள்ளி. அந்த முளைக்கு யுகேஷ் வைத்த நம்பர் மூன்று. அது மூன்றாம் லயம். நாற்பத்தொன்று அங்கே. மலை அசைவது மேபல் அக்கா வீட்டுக்குமேல். நாலாம் லயம் வெறும் மூன்று மில்லிமீட்டரோடு சௌக்கியமாக, காலியாகக் கிடக்கிறது.

“நானா, ரெண்டு லயத்துச் சனத்தயும் கொண்டுபோய் நானே அதுக்கடியில வச்சிட்டேன்” என்றாள்.

நபீல் “யா அல்லாஹ்” என்று எழுந்துவிட்டார். “பொலிசுக்கு எடுக்கிறன். தோட்டத்து ஆபீசுக்கு எடுக்கிறன். ரோட்டு ஈக்கோ இல்லயோ...” என்று போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பொலிஸ் எடுத்தது, வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்றது. ஆபீசில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

ஹோர்ன்! கோயில் கூரையில் அது இன்னும் இருக்கிறது. தானாக ஊதாது, ஆனால் இங்கிருந்து ஊதச் சொல்லலாம். எந்த லயமோ அத்தனை தரம் ஊதும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சனங்களுக்கு ஒத்திகை கூடப் பார்த்திருந்தார்கள். டிலானி போனை எடுத்தாள். ‘ஹோர்ன் 3’ என்று அடித்தாள். அனுப்பப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

இந்த மூன்று எந்த மூன்று?

அந்தக் கட்டளையையும் அவள்தானே எழுதினாள். அங்கேயும் பூச்சியத்தில்தானே எண்ணியிருப்பாள். பூச்சியம் என்று அனுப்பினால் ஒரு தரம் ஊத வேண்டும், அது முதலாம் லயம். அப்படியானால் மூன்று என்று அனுப்பினால் நான்கு தரம் ஊதும். நான்கு தரம் ஊதினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? நாலாம் லயம் விழப்போகிறது, நல்லவேளை இங்கே வந்தோம் என்று மேபல் அக்கா வீட்டுக்குள் இன்னும் நெருங்கி உட்காருவார்கள். ஞாபகத்தை நம்பாமல் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். i பூச்சியத்தில் ஆரம்பித்து, அனுப்பும் எண்ணான n வரை ஊதும், n உம் சேர்த்தி. சின்னப்பிள்ளை மாதிரி விரலை மடக்கினாள். பூச்சியம், ஒன்று, இரண்டு. மூன்று விரல்.

மூன்றை அழித்து இரண்டு என்று மாற்றி அனுப்பினாள். ‘ஊதியாச்சு’ என்று பெட்டி பதில் சொன்னது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அனுப்பினாள்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கொடுமை. அந்தப் பெட்டிக்கு ஊதத்தான் தெரியும், யார் எழுந்தார்கள், யார் சிரித்தார்கள், கட்டிலின் நாலு காலையும் பிடிக்க நாலு பேர் இருந்தார்களா என்று சொல்லத் தெரியாது. கீழே டயர்க் கடையில் யாரோ சக்கரத்தைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நபீல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அவள் தொடவில்லை. கடவுளே, அப்பாவை மட்டுமாவது என்று நினைத்தாள். நினைத்ததற்காக அப்போதே கூசினாள், ஆனாலும் அதையேதான் திரும்ப நினைத்தாள்.

இரண்டே முக்காலுக்கு வந்த செய்தியில் நான்காவது இடத்தில் அறுபத்தேழு. ஐந்து நிமிடம் கழித்து வந்ததில் அதே இடம், அதே அறுபத்தேழு. அதற்கடுத்ததிலும் அறுபத்தேழு. முளைகள் எத்தனை பேசுகின்றன என்று கேட்டாள்.

ஆறு.

நபீல் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆபீசுக்கு எடுத்தார். டிலானி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணி தாண்டி ஏழு நிமிடத்துக்கு போன் அடித்தது.

“டிலா, சித்தப்பா இருக்காரு. பயப்படாத, கோயிலுக்குள்ள படுக்க வச்சிருக்கோம்” என்றான் யுகேஷ். முதலில் அதைச் சொன்னானே, அவன் நன்றாக இருக்க வேண்டும். டிலானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“எல்லாருமாண்ணே? எல்லாரையும் எண்ணிப் பாத்தீங்களா?”

“ரெண்டு தரம் எண்ணிட்டேன். ஒரு ஆளு கொறையல. ஆனா மூணாம் லயம் போயிருச்சு புள்ள. மேபல் அக்கா வூடு இருந்த எடமே தெரியல.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “மூணு தரம் ஊதிச்சு. நாங்க நாலாவதுக்குக் காத்துக்கிட்டு நின்னோம், வரல. திரும்ப மூணு. நான் பொட்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். மேபல் அக்காதான், மூணுன்னா நம்ம லயம்தான, என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, தூக்குங்கடான்னு சித்தப்பா கட்டில மொதல்ல பிடிச்சாங்க. இந்தா, பேசணுங்கிறாங்க.”

மேபலின் குரல் வந்தது. பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம், மழைச் சத்தம். “மகராசி, ஒன்னாலதான் இத்தன உசிரும் தப்பிச்சது. மாதா ஒன்ன நல்லா வச்சிருக்கணும்.”

அந்த இடத்தில் டிலானி சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் அக்கா, கர்த்தர் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நபீல் கூட, இப்போது வேண்டாம் என்பது போல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“இல்ல அக்கா” என்றாள் டிலானி. “காலைல பத்தரைக்கு வந்த நம்பரு ஒங்க லயத்தோடது. நாலாம் லயம்னு நான் தப்பா எண்ணிட்டேன். அப்பயே சரியா சொல்லியிருந்தா நீங்க எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு போயிருக்கலாம். என் தப்பு அக்கா.”

மேபல் வைத்துவிட்டாளோ என்று டிலானி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“பத்தரைக்கா” என்றாள் மேபல். “நாலு மணி நேரம் இருந்திச்சா?”

“இருந்திச்சு அக்கா.”

“அஷ்வினியோட சேர்ட்டிபிக்கட் எல்லாம் அலுமாரிக்குள்ள இருந்திச்சு. திங்கக்கெழம நேர்சிங் இன்டர்வியு. அவ அப்பா போட்டோ ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அதுக்குள்ளதான். காலைல சொல்லியிருந்தா ஒரு பைக்குள்ள போட்டிருப்பேன். ஒரு பை புள்ள. ஒன்னோட அப்பாவ எம் புள்ள கட்டில்ல படுக்க வச்சு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் டிலானிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“அக்கா...”

“பேசாத.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது, வேலைக்குப் போகிற பெண்ணின் குரல். “ஒன்னய பேச எனக்கு இன்னும் நாள் இருக்கு. மழ விடல. இந்தக் கோயிலுக்குள்ள எவ்வளவு நேரம் நிக்கிறது? மத்த லயத்துச் சனமெல்லாம் வூட்டுக்குள்ளதான் இருக்கு. அடுத்தது எந்த லயம்? ஒன்னோட கணக்கு வேணாம். கோயில்ல இருந்து எண்ணிச் சொல்லு.”

டிலானி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் மறுபடி கேட்டு வாங்கியிருந்த நினைவகத்தைத் திரையில் நான்கு நான்காகப் பிரித்து, முதலில் நின்ற பூச்சியத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இது கோயில் அக்கா” என்றாள். பிறகு ஒரு லயம் விடாமல், சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.